யாரும் முழுதாய்க் கேட்காத மெட்டு

அன்று காலை கம்பெனி பஸ்ஸில் இருந்தவர்கள்:

ஸ்டியரிங்கில் என் மாமா முனிரத்தினம். அவருக்குப் பின்னால் முதல் சீட்டில், யாருக்கும் விட்டுத்தராமல், ஹவுஸ்கீப்பிங் லூர்தம்மாள். நடுவில் ஜன்னலோரம் என் தங்கை எழிலரசி. அவள் தோளில் சாய்ந்து வாய் திறந்து தூங்கும் சுவாதி. கடைசி சீட்டில் லைன் லீடர் வசந்த். மிச்ச இடமெல்லாம், காருக்கு பிரேக் பூட்டுகிற பிரேக் லைன் பெண்களும் அவர்களுடைய டிபன் பைகளும். எஞ்சின் மூடி மேல் நான், கார்முகில். எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. கேட் வருவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும் என்பது மாமாவின் நிபந்தனை.

நான் ஏறியது எங்கள் பாட்டை பஸ் ஸ்பீக்கரில் கேட்பதற்காக. ஹெட்போனில் எல்லாப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். ஒரகடம் போகிற பஸ்ஸில், ஓட்டை ஸ்பீக்கரில், பாதித் தூக்கத்தில் இருப்பவர்கள் காதில் நன்றாக இருந்தால்தான் அது பாட்டு.

பாட்டின் பெயர் ‘கேட் பாஸ்’. வெள்ளிக்கிழமை ஆன்லைனில் வெளிவர வேண்டும். அதற்கு அன்று ராத்திரிக்குள் அனுப்பியாக வேண்டும்.

செல்போன் கம்பெனியின் நைட் ஷிப்டை நான் பாதியில் விட்டுவிட்டு வந்தது பழைய கதை. வந்த மறுநாள், மாமா தன் சின்தசைசரைப் போர்வையில் சுற்றிக்கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தார். ஏன்டா வேலையை விட்டாய் என்று கேட்கவில்லை. “அடாப்டரு சூடாவும், பாத்துக்கோ” என்றார். அவ்வளவுதான். அதற்கு நான் நன்றி சொன்னதில்லை. சொன்னால் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

மாமா ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அந்தக் குழுவில் அவர் மட்டும்தான் இப்போதும் வாசிக்கிறார். எனக்கும் அவருக்கும் தினமும் சண்டை. அவருக்குப் பாட்டு முழுக்கக் கைதட்டல் சத்தம் வேண்டும். எனக்கு எங்கேயும் வேண்டாம். ‘கேட் பாஸ்’ முழுக்கக் கைதட்டல் இருக்கிறது. அந்தச் சண்டையில் ஜெயித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மெட்டு எழிலரசியுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டே அவள் முனகியதை மாமா கூடத்தில் இருந்தபடியே பிடித்துக்கொண்டார். “இது யார் போட்டதுடி?” என்றார். “நானா முனகுனேன் மாமா” என்றாள். பள்ளிக்கூடத்தில் கோலப் போட்டியில்கூட ஆறுதல் பரிசு வாங்காதவள். ‘மெட்டு: எழிலரசி’ என்று நான் கம்ப்யூட்டரில் அடித்ததை, போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். சாப்பிடும்போது அதை எடுத்துப் பார்ப்பாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் போனைக் கவிழ்த்துவிடுவாள்.

வல்லம் தாண்டியதும் மாமா திரும்பினார்.

“முகிலு, போடட்டா?”

“எல்லாரும் தூங்குறாங்க மாமா.”

“தூங்கறவங்கள எழுப்பலன்னா அது இன்னா பாட்டுடா?”

போட்டார்.

அடித்தாளம் நன்றாக விழுந்தது. கைதட்டல் எதிர்பார்த்தபடியே அதிகம். எழிலரசியின் குரல் ஸ்பீக்கர் ஓட்டையையும் மீறித் தெளிவாக வந்தது. ‘கேட் பாஸ் இல்லாம எம்மனசுக்குள்ள எப்பிடி வந்த நீ’. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

பிறகு மாமாவின் சின்தசைசரில், எழிலரசி முனகிய அந்த மெட்டு வந்தது.

சுவாதியின் வலது கை தலைக்கு மேல் போயிற்று. கண் மூடியே இருக்கிறது. கை மட்டும் காற்றில் எதையோ தேடுகிறது. அவளுக்குப் பின்னால் இன்னொரு கை. அதற்கும் பின்னால் ஒரு பெண் திடுக்கிட்டு எழுந்து கூரையைப் பார்த்தாள். கடைசி சீட்டிலிருந்து வசந்த் துள்ளி எழுந்து, நடைபாதையில் பாதி தூரம் ஓடிவந்துவிட்டான்.

“எந்த ஸ்டேஷன்? எந்த ஸ்டேஷன்?”

கேட்டுவிட்டு அப்படியே நின்றான். பஸ்ஸில் நிற்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

 பிறகு பஸ்ஸே அதிரும்படி சிரித்தார்கள்.

“அடியே எழிலு! இது நம்ம லைன் பாட்டுடி!” என்றாள் சுவாதி. “எங்கையில போல்ட்டு வரலன்னு நெனச்சிட்டேன்.”

அவர்கள் லைனில் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் கயிறு ஓடுகிறது. ஏதாவது தப்பாக வந்தால் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் விளக்கு எரியும், ஒரு மெட்டு வாசிக்கும். எந்த ஸ்டேஷனில், யார் நிற்கிற இடத்தில் இழுத்தது என்று பார்த்து லீடர் ஓடிவந்து பட்டனை அமுக்கும்வரை அது ஓயாது. லைனுக்கு ஒரு மெட்டு. எது வாசிக்கிறது என்று கேட்டே எந்த லைன் நின்றது என்று தெரிந்துகொள்வார்கள். பிரேக் லைனின் மெட்டைத்தான் என் தங்கை டிபன் பாக்ஸ் கழுவும்போது முனகியிருக்கிறாள். மாமா அதை வாசித்திருக்கிறார். நான் அதற்குக் கைதட்டல் சேர்த்திருக்கிறேன்.

“யோவ் டிரைவரு!” லூர்தம்மாள் முன்சீட்டிலிருந்து கத்தினாள். “வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே வேலை செய்ய வெக்கிறியா? ஆஃப் பண்ணுய்யா அத்த!”

வசந்துக்கு முகம் சிவந்திருந்தது. ஓடிவந்ததை யாரோ போனில் பிடித்துவிட்டார்கள்.

“எழிலரசி, அது கம்பெனி ட்யூன். யாரைக் கேட்டு எடுத்த?”

“எடுக்கல சார். அது... நானா...”

“நீயா போட்டதா? சரி விடு, நாளைலேர்ந்து கயிறு இழுக்காத. நீயே பாடிடு.”

மறுபடி சிரிப்பு. இந்தச் சத்தத்துக்கு நடுவில் பாட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது. மெட்டின் பிற்பாதி வந்தபோது சுவாதி மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “ஓ, அதுக்கப்புறம் இப்பிடியா போவும்?” என்றாள்.  அதை யாரும் கண்டுகொள்ளவில்லை, நானும்தான்.

கேட்டுக்கு முன்னால் இறங்கிக்கொண்டேன். ஜன்னலில் எழிலரசி தெரிந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

பென்னலூருக்கு நான் திரும்பி வருவதற்குள் அந்த வீடியோ எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்திருந்தது.

“திருட்டுப் பாட்டாமே?” என்றாள் அம்மா, கங்கா. “எதுத்த வூட்டுல கேக்கறாங்க.”

“திருட்டு இல்லம்மா. தெரியாம வந்திருச்சு.”

“தெரியாம வர்றதுக்கு அது இன்னா ஜுரமா?”

நான் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். அம்மா சோற்றைக் கொண்டுவந்து கீபோர்டு பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் வேலையை விட்டதிலிருந்து அவள் இப்படித்தான். திட்டுவாள், அந்தச் சூட்டோடு சோற்றையும் வைப்பாள். ஒருநாள்கூட திட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனதில்லை.

ஷிப்ட் முடிந்து எழிலரசி வந்தாள். பையை மாட்டவில்லை, முகம் கழுவவில்லை.

“ண்ணா, என் பேர எடுத்துடு.”

“ஒக்காரு மொதல்ல.”

“எடுத்துடுன்னு சொல்றேன்ல. மெட்டு மெஷின்னு போடு. கம்பெனின்னு போடு. என் பேரு வேணாம்.”

“எழிலு...”

“நாள் முழுக்க லைன்ல என்னைப் பாத்துப் பாத்து முனகுறாளுங்க. நான்கூட சிரிச்சேன். வேற இன்னா பண்றது? ஆனா நெசமாவே என்னோடதுன்னுதான் நெனச்சேன்ணா. அதான் பேஜாரா கீது.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

அப்போதுதான் சுவாதி கேட்டது நினைவுக்கு வந்தது. மெட்டின் முற்பாதிக்கு எல்லார் கையும் தானாக எழுந்தது. பிற்பாதி அவளுக்குப் புதிதாக இருந்தது.

“எழிலு, அந்த மெஷினு மெட்ட நீ கடைசி வரைக்கும் கேட்டிருக்கியா?”

“எங்க கேக்கறது? பாதியிலயே வந்து அமுக்கிடுவாங்க. லைன் நின்னா அவங்களுக்குத்தான திட்டு.” பையை இறக்கி வைத்தாள். “இன்னிக்கு நெசமாவே ஒரு போல்ட்டு வரல. கயிற இழுத்தேன். சரி, முழுசா கேட்டுடலாம்னு காதத் தீட்டிக்கினு நின்னா, வசந்த் சார் பறந்து வந்துட்டாரு. காலையில மானம் போச்சுல்ல, இன்னிக்குப் பூரா ஓட்டந்தான்.”

“அப்போ பின்பாதி உன்னோடதா இருக்கலாம்.”

“இருக்கலாம்னா? ஏதோ ஒரு நாள் காதுல வுழுந்திருந்தா? மொத பாதி என்னோடதுன்னு சத்தியம் பண்ண இருந்தேன் நான். இனிமே எதுக்கும் பண்ண மாட்டேன். எடுத்துடு பேர.”

மாமாவுக்குப் போன் போட்டேன். கிட்டத்தட்ட எல்லாரையும் இறக்கிவிட்டு, மண்ணூருக்குத் திரும்பும் இடத்தில் பஸ்ஸை ஓரம்கட்டியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“லைன்ல நிக்கறவங்க யாரும் கேட்டிருக்க மாட்டாங்க” என்றார். “லைன் ஓடாதப்ப உள்ள யாருடா இருப்பா? ஞாயித்துக்கெழமை மெயின்டெனன்ஸ்காரன் இருப்பான். அவன் எல்லா மெட்டையும் போட்டுப் பாப்பான்... டேய், இரு இரு. கடைசியா எறங்கற ஆளு என் பின்னாடிதான் ஒக்காந்துகினு கீது.”

போன் கட்டாயிற்று.

சற்று நேரத்தில் அந்தப் பெரிய பஸ் எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. முதலில் மாமா குதித்தார். பின்னால், படியில் ஒவ்வொரு காலாக வைத்து, லூர்தம்மாள்.

“லூர்தக்கா, ஒரே ஒரு பாட்டு. கேட்டுட்டுப் போயிடலாம்.”

“காலைல கேட்டதே போதாதா? வூட்ல மீனு கழுவி வெச்சிட்டு வந்துகீறேன். பூனை வேற கீது. அதுக்கு நீ பதில் சொல்வியா?”

திட்டிக்கொண்டேதான் உள்ளே வந்தாள். அம்மா டீ கொடுத்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பாட்டைப் போட்டேன். லூர்தம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“அந்த டும்மு டும்ம நிறுத்து.”

நிறுத்தினேன்.

“கைதட்டறது யாரு? அவனையும் நிறுத்து.”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சந்தோஷமாக நிறுத்தினேன்.

மிஞ்சியது மெட்டு மட்டும். முற்பாதிக்கு லூர்தம்மாள் தலையாட்டினாள். “தோ, இது அதான். இதுல சந்தேகமே இல்ல.” எழிலரசி சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் கை போனை இறுக்கிப் பிடித்திருந்தது.

பிற்பாதி வந்தது. லூர்தம்மாள் டீயை நிறுத்தினாள்.

“இன்னொரு வாட்டி போடு.”

போட்டேன்.

“இல்ல.”

“இன்னா இல்ல?” என்றார் மாமா.

“மெஷினு இப்பிடிப் போவாதுய்யா. அது மேல போவும். மேல மேல போயி, ஐஸ்வண்டி மாதிரி டிங்குன்னு நிக்கும். கேளு.” அவள் வாயால் வாசித்துக் காட்டினாள். மாமா அதைச் சின்தசைசரில் தொட்டுத் தொட்டுப் பிடித்தார். உண்மையிலேயே ஐஸ்வண்டிதான். “இவ கீழ எறங்குறா. மெதுவா எறங்குறா. அது வேற, இது வேற.”

எழிலரசி சுவரை விட்டு நகர்ந்தாள். “நிச்சயமாவா ஆன்ட்டி?”

“ஞாயித்துக்கெழமை ஆனா அத்தக் கேட்டுக்கினுதான்டி மாப்பு போடறேன். தலவலியே அதால வர்றதுதான்.”

“அப்போ இந்த எறங்கறது...”

“அது எவளோடதுன்னு எனுக்குத் தெரியாது. மெஷினோடது இல்ல.”

எழிலரசி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் தன் பாதத்தையே பார்த்தாள்.  பிறகு நிமிர்ந்தாள்.

“மாமா, மொத பாதிய எடுத்துடலாம்.”

மாமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதை அவர் எத்தனை விதமாக வாசித்துப் பார்த்தார் என்று எங்களுக்குத் தெரியும். “எழிலு, அதாம்மா பாட்டுக்கே மூக்கு.”

“நம்ம மூக்கு இல்ல மாமா அது.”

 மாமா தானே எழுந்துவந்து திரையைக் காட்டி, “அழிடா” என்றார். அவர் கண்முன்னால் அதை அழித்தேன்.  அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

இப்போது பாட்டின் நடுவில் ஒரு பள்ளம். தாளம் ஓடுகிறது, திடீரென்று எழிலரசியின் மெட்டு அந்தரத்தில் தொடங்கிக் கீழே இறங்குகிறது. மாமா ஒன்று வாசித்தார். கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. நான் ஒன்று போட்டேன்.

“சாவு வூடு” என்றாள் லூர்தம்மாள். அவள் எழுந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“நீங்களே சொல்லுங்க அப்போ” என்றேன். எரிச்சலில்தான் சொன்னேன்.

“இதுல சொல்றதுக்கு இன்னாடா கீது? எறங்கணும்னா மொதல்ல ஏறியிருக்கணும்ல. அந்தரத்துலேர்ந்தா எறங்குவா? இப்பிடி வந்தா...”

ஒரு செருப்பு காலில், ஒன்று கையில். அப்படியே பாடினாள்.

வார்த்தை இல்லை. கனத்த குரல். ஒவ்வொரு படியாக, அவசரப்படாமல், ஆனால் நிற்காமல் ஏறியது. மேலே போய் ஓர் இடத்தில் நின்றபோது, எழிலரசி தன்னை அறியாமல் அங்கிருந்து தன்னுடையதைப் பாடி இறங்கினாள். இருவருக்கும் நடுவில் ஒரு தலைமுறை இடைவெளி. மெட்டில் ஒரு மயிரிழைகூட இடைவெளி இல்லை.

மாமா கையைச் சின்தசைசர் மேல் வைத்துவிட்டு எடுத்துவிட்டார். “நான் இதுல எதுவும் வாசிக்கல” என்றார். “இவங்க முடிச்சப்புறம் வரேன்.”

“லூர்தக்கா, எங்க பாடுவீங்க நீங்க?” என்று அம்மா கேட்டாள்.

“எங்க மாதா கோயில் கொயர்ல. பின்வரிசைல நிக்க வெச்சி, மெதுவாப் பாடுன்னுவாங்க. ஆம்பளக் கொரலாம் எனுக்கு.”

எழிலரசி என்னை நகர்த்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். தன் பெயருக்கு முன்னால் இடம் விட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள். ‘மெட்டு: லூர்தம்மாள், எழிலரசி’.

“என் பேரு எதுக்குடி?”

“நீங்க ஏறுனீங்க ஆன்ட்டி. நான் எறங்குனேன். அவ்ளோதான்.”

லூர்தம்மாள் திரையருகே குனிந்து தன் பெயரைப் பார்த்தாள். தப்பு கண்டுபிடிக்கிற மாதிரிதான் பார்த்தாள். கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். காலிலிருந்ததையும் கழற்றினாள்.

நான் நைட் ஷிப்டில் நின்றுபோனபோது எந்தக் கயிறும் இல்லை, எந்த மெட்டும் வாசிக்கவில்லை. அடுத்த ஆள் என் இடத்தில் வந்து நின்றான், லைன் ஓடியது. இந்த வீட்டில் ஒருத்தி நின்றுபோனதும் ஒருவர் பஸ்ஸையே திருப்பிக்கொண்டு வந்தார், ஒருவர் மீனைப் பூனைக்கு விட்டுவிட்டு வந்தார். இதற்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியாது. மைக்கைத் துடைத்து வைத்தேன். எனக்குத் தெரிந்தது அது.

எழிலரசியின் போன் அதிர்ந்தது. வசந்த்.

வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். ‘வீடியோ எச்ஆர் மேடம் வரைக்கும் போயிடுச்சு. நாளைக்கு லைனுக்குப் போகாம நேரா அவங்க ரூமுக்கு வரச் சொன்னாங்க. லூர்தம்மாளையும்.’

“அவங்கள எதுக்கு?” என்றேன்.

“தெரியலண்ணா.”

“இப்போ சொல்லணுமா?”

எழிலரசி லூர்தம்மாளைப் பார்த்தாள். அவள் கூந்தலை அவிழ்த்து மறுபடி இறுக்கி முடிந்துகொண்டிருந்தாள், சண்டைக்குப் போகிறவள் மாதிரி.

“பாடி முடிக்கட்டும்” என்றாள் எழிலரசி.

நாங்கள் பதிவு செய்வது பின்னறையில். அரிசி மூட்டை, மெத்தை, பழைய துணி எல்லாம் அங்கேதான். சத்தம் எதிரொலிக்காது. ஒரே ஒரு தொல்லை, அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். வெளியே தாழ்ப்பாள் போட்டு, அதில் பூட்டையும் மாட்டினால்தான் நிற்கும்.

“பூட்டுவீங்களா?” லூர்தம்மாள் வாசலில் நின்றுவிட்டாள். “பூட்டிட்டு மறந்துட மாட்டீங்களே?”

“நான் இங்கயே ஒக்காந்துகினு இருப்பேன்” என்றாள் அம்மா.

“எவனாவது சிரிச்சீங்க, பாதியில வந்துடுவேன்.”

“எப்பிடி வருவ? அதான் பூட்டிட்டமே” என்றார் மாமா.

அவள் அவரை முறைத்தாள். எழிலரசி ஹெட்போனை அவள் கொண்டைக்கு மேல் சரியாக வைத்து, காதை மூடினாள். “இந்த வாட்டி மெதுவாப் பாட வேணாம் ஆன்ட்டி” என்றாள். லூர்தம்மாளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. இருட்டில் அரிசி மூட்டையைத் தாண்டி மைக் பக்கம் போனாள்.

அம்மா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளை இழுத்து, பூட்டை மாட்டி, அமுக்கினாள். இந்த மெட்டைப் பாதியில் வந்து யாரும் அமுக்க முடியாது.